மூன்று வாசலில் ஒரே பலகை

1982 ஏப்ரல் முதல் வாரத்தில் காரைக்காலில் மூன்று ஆஸ்பத்திரிகளின் வாசலில் ஒரே மாதிரிப் பலகை ஏறியது. நீலப் பெயின்டில் வெள்ளை எழுத்து. மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரும் மூன்று பலகையிலும் இருந்தன. ஜனவரி முதல் மார்ச் வரை எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது, அதில் எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் வைத்தது என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இரண்டு எண்கள்.

சகாயமாதா மருத்துவமனை: 70, 11. சோமசேகரன் நர்சிங் ஹோம்: 84, 1. நூகு கிளினிக்: 52, 6.

சகாயமாதாவின் தியேட்டர் நர்ஸ் இசபெல்லா, காலை டூட்டிக்கு வந்தவள், குடையை மடக்காமலே பலகை முன்னால் நின்றாள். அவள் எழுதிக் கொடுத்த பதினொன்று சரியாகத்தான் இருந்தது. அவள் கண் போனது நடு வரிசையில் இருந்த 1 என்ற எண்ணின் மேல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இறங்கினார்கள். கூட வந்த ஆள் பலகையை வாய்விட்டுப் படித்தான். படித்து முடித்ததும், "ஏறுங்க, ஏறுங்க. சோமசேகரன்கிட்ட போயிடுவோம்" என்றான். ரிக்‌ஷா திரும்பிப் போனது.

இசபெல்லா நேரே டாக்டர் சவரிநாதனின் அறைக்குப் போனாள்.

"அந்தப் பலகைய எறக்கச் சொல்லுங்க டாக்டர்."

சவரிநாதன் அறுபதை நெருங்கியவர். ஆஸ்பத்திரி அவருடையது. இந்த ஏற்பாட்டிற்கு முதலில் தலையாட்டியவரும் அவர்தான். போன வருஷக் கடைசியில் ஊர் டாக்டர்கள் கூடிய இடத்தில் பேச்சு தடித்துவிட்டது. உன் கேஸ்தான் சீழோடு என்னிடம் வருகிறது என்று சோமசேகரன் சொல்ல, இல்லை உன் கேஸ்தான் என்று சவரிநாதன் சொல்ல, இருவரையும் விட இளையவரான டாக்டர் நூகு, "சண்டை எதுக்கு? மூணு பேரும் எண்ணுவோம். எண்ணி வாசல்ல எழுதிப் போடுவோம். ஊரே பாக்கட்டும்" என்றார். வாய்வார்த்தைக்குச் சொன்னது நிஜமாகவே நடந்துவிட்டது.

"ஒத்துக்கிட்டது நாமதானே சிஸ்டர்?"

"எண்ணுறேன்னு ஒத்துக்கிட்டோம். பொய் எழுதுறேன்னா ஒத்துக்கிட்டோம்? எம்பத்து நாலுல ஒண்ணு! சுரக்குடி சொர்ணாம்பாள் ஒருத்தியே அந்த ஒண்ணா? மத்தவங்கள்லாம் எங்க?"

சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சொர்ணாம்பாள் யாரென்று அவருக்கும் தெரியும்.

இசபெல்லாவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. மூன்று மாதமாக அந்த விடுமுறையை அவள் பஸ்ஸில்தான் கழித்தாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைக் குரும்பகரம், அம்பகரத்தூர், திருநள்ளாறு என்று தேடிப் போய், கட்டைப் பிரித்துப் பார்த்து எழுதினாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அவளுக்குக் கிடைத்தது நாலு பேர். மற்ற ஏழு பேரும் வீட்டில் கிடைத்தவர்கள். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் சீழ் வைத்தவர்கள்.

மார்ச் முதல் வியாழன் அப்படிச் சுரக்குடிக்குப் போனபோதுதான் அடுத்த வீட்டிலிருந்து முத்தையன் என்ற விவசாயி ஓடிவந்தான். "சிஸ்டரம்மா, எங்க வீட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டான். உள்ளே அவன் மனைவி சொர்ணாம்பாள் மல்லாந்து கிடந்தாள். பிப்ரவரியில் சோமசேகரனிடம் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்தது. தையல் நாலு விரற்கடை அளவு வாய் திறந்திருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக் கட்டியிருந்தார்கள். குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் கூட்டிட்டுப் போவலையா?"

"போனேங்க. இங்கேருந்து போறப்ப தையல் நல்லாத்தானே இருந்துச்சு, வீட்டுல என்னா பண்ணீங்கன்னு கேட்டாங்க. ஈரப்படுத்தியிருப்பா, தூக்கக் கூடாதத தூக்கியிருப்பான்னு சொன்னாங்க. இவ கட்டில விட்டே எறங்கலீங்க."

அன்றே இசபெல்லா அவளைப் பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குக் குறுக்கே படுக்கவைத்துக் கூட்டி வந்தாள். சவரிநாதன் திரும்பத் திறந்து கழுவித் தைத்தார். பத்தொன்பது நாள் படுக்கை. சோமசேகரனுக்கு இசபெல்லா ஒரு சீட்டு எழுதி அனுப்பினாள். உங்கள் கேஸ், சீழ், உங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

"சீட்டு போய்ச் சேந்துச்சா இல்லையான்னு நான் கேட்டுட்டு வரேன்" என்றாள் இப்போது. சவரிநாதன் தடுப்பதற்குள் போய்விட்டாள்.

சோமசேகரன் நர்சிங் ஹோமின் முகப்பில் அவர் மனைவி வடிவாம்பாள் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தார். பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். அந்த ரிக்‌ஷா குடும்பமும் இருந்தது. இசபெல்லா யாரையும் கேட்காமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"சீட்டு வந்துச்சு சிஸ்டர்" என்றார் சோமசேகரன், அமைதியாக. "ஆனா அந்தம்மா எங்கள்ட்ட வந்து படுக்கலையே. உங்கள்ட்டதானே படுத்தாங்க?"

"வந்தவங்கள நீங்கதானே தொரத்தி விட்டீங்க?"

"ஆபரேஷன் ஆன ஏழாம் நாள் நான் அனுப்புறேன். அனுப்புறப்ப புண்ணு சுத்தமா இருக்கு. எழுதிக்கிறேன். அதுக்கப்புறம் அவங்க வீட்டுத் தண்ணிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நான் பொறுப்பா?"

"தையலுக்குள்ள இருக்குற சீழு மாட்டுக் கொட்டகையிலேருந்து வரல டாக்டர். நீங்க வெட்டுறப்பவே உள்ள போயிருச்சு. அது தெரியறதுக்குப் பத்து நாள் ஆவும். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் முகம் மாறியது. "என் ஒண்ண விடுங்க. ஒங்க பதினொண்ணுக்கு என்னா காரணம்னு கண்டுபிடிச்சீங்களா? எழுபதுல பதினொண்ணு. அதுவும் வீட்டுத் தண்ணியா?"

வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இசபெல்லாவுக்குக் கன்னம் எரிந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. எழுபதில் பதினொன்றுக்கு அவளிடம் காரணம் இல்லை.

அந்த வாரமே மூன்று டாக்டர்களும் சவரிநாதன் அறையில் உட்கார்ந்தார்கள். இசபெல்லாவும் நின்றாள். நூகு சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, முப்பது நாள் வரை பார்க்க வேண்டும், ஏழு நாள் கணக்கு செல்லாது. இரண்டு, அவரவர் ஆஸ்பத்திரியை அவரவர் எண்ணக்கூடாது. ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய் எண்ணட்டும்.

"என் ரெஜிஸ்டர அடுத்த ஆஸ்பத்திரி நர்சு புரட்டிப் பாக்கணுமா?" என்று சோமசேகரன் எழுந்தார். "என் பேஷன்ட் வீட்டுக்கு இந்தம்மா போயி சேலையத் தூக்கிப் பாக்கணுமா? அதுக்கு வேற ஆளப் பாருங்க."

அவர் போன பிறகு நூகு, "நாம ரெண்டு பேரும் மாத்திப்போம்" என்றார். சவரிநாதன் இசபெல்லாவைப் பார்த்தார். "வரச்சொல்லுங்க" என்றாள் அவள். தன் ரெஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்ற திமிர் அந்தக் குரலில் இருந்தது.

இசபெல்லா நூகு கிளினிக்குக்குப் போய் எண்ணினாள். அங்கிருந்து செல்வம்மாள் என்ற நர்ஸ் இங்கே வந்தாள். அதிகம் பேசாதவள். அவளும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். மூன்றாம் வாரம் வந்து, "பதினாலு சிஸ்டர்" என்றாள்.

"பதினொண்ணு."

"நீங்க வீடு பூட்டியிருந்துச்சுன்னு விட்ட ரெண்டு பேரு. அப்பறம் நிரவியில ஒருத்தங்க. செவப்பு மட்டும்தான், சீழ் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு அடுத்த வாரம் ஒடஞ்சு ஊத்தியிருக்கு. தழும்பப் பாத்துட்டுத்தான் வரேன்."

இசபெல்லா ரெஜிஸ்டரைப் படாரென்று மூடினாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது செல்வம்மாள், "ஒங்க டிரம்ம கொஞ்சம் பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, புண்ணில் வைக்கும் காஸ், கவுன் எல்லாவற்றையும் வட்டமான எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேகவிடுவார்கள். அந்த டிரம் அடுக்குவதில் இசபெல்லாவை மிஞ்ச ஆளில்லை என்பது சகாயமாதாவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். மடிப்பு மேல் மடிப்பாக வைத்து, கடைசியில் முழங்கையால் அழுத்தி, மூடியை மாட்டுவாள். அவளிடம் கற்றுக்கொண்ட ஏழு நர்ஸுகளும் அப்படித்தான் அடுக்குவார்கள்.

செல்வம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். ஊசிமருந்து வரும் காலிக் குப்பிகள். உள்ளே மஞ்சள் தூள். வாய் நெருப்பில் உருக்கி அடைக்கப்பட்டிருந்தது.

"கந்தகம். நாட்டு மருந்துக் கடையில வாங்குனது. எங்க டாக்டர்தான் செஞ்சு குடுத்தாரு. நீராவிச் சூடு சரியாப் போய்ச் சேந்துச்சுன்னா இது உருகிக் கட்டியாயிடும். சேரலைன்னா தூளாவே கெடக்கும். எங்க டிரம்லயும் வச்சுப் பாத்தோம்."

"பாத்து?"

"எங்களுதும் பாதிதான் உருகுச்சு."

இசபெல்லாவே அடுக்கினாள். வழக்கம்போல. ஒரு குப்பியை மேலே வைத்தாள், ஒன்றை நடுவில் புதைத்தாள். முழங்கையால் அழுத்தி மூடினாள். ஆட்டோகிளேவ் முள் ஏறி நின்றது. இருபது நிமிஷம் முழுசாக விட்டாள். மின்சாரம் போகவில்லை. ஆறவிட்டுத் திறந்தபோது சவரிநாதனும் வந்து நின்றார்.

மேலே வைத்த குப்பியில் கந்தகம் உருகி, சாய்வாக உறைந்திருந்தது. நடுவிலிருந்த குப்பியை எடுத்துக் குலுக்கினாள். தூள் கலகலவென்று ஆடியது.

இசபெல்லா திரும்பக் குலுக்கினாள். பிறகு அந்த டிரம்மைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள். அலமாரியில் தயாராக இருந்த மற்ற டிரம்களையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டினாள். வெள்ளைத் துணி தியேட்டர் தரை முழுக்கச் சிதறியது.

"சிஸ்டர், போதும்" என்றார் சவரிநாதன்.

"இருவத்திரண்டு வருஷம் டாக்டர். அமுக்கி அமுக்கி வச்சேனே. உள்ள ஆவி எப்படிப் போவும்னு ஒரு நாள், ஒரு நாள் யோசிச்சேனா? ஏன் என்னை யாரும் கேக்கல? நீங்க ஏன் கேக்கல?"

அவர் குனிந்து ஒரு துணியை எடுத்தார். "கேட்டிருக்கணும்" என்றார்.

மறுநாளிலிருந்து துணிகளுக்கிடையே விரல் நுழைகிற மாதிரி அடுக்கினார்கள். ஒவ்வொரு டிரம்மின் நடுவிலும் ஒரு குப்பி. உருகாத குப்பி வந்தால் அந்த டிரம் தியேட்டருக்குள் போகாது. ஏப்ரலில் ஐந்து பேருக்குச் சீழ் வைத்தது, மே மாதம் இரண்டு பேருக்கு, ஜூனில் ஒருவருக்கு.

ஆனால் இசபெல்லாவுக்கு அதில் ஒரு நிம்மதியும் வரவில்லை. அவளிடம் கற்றுக்கொண்ட ஏழு பேரில் ஒருத்தி சலோமி. நாலு வருஷமாகச் சோமசேகரன் நர்சிங் ஹோமில் தியேட்டர் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவளை இசபெல்லா மடக்கினாள். டிரம், கந்தகம், குப்பி எல்லாவற்றையும் சொன்னாள்.

சலோமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"நீங்கதானே அக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

"நான்தான்."

"லூசா அடுக்குனதுக்கு ஒரு தடவ எல்லார் முன்னாலயும் டிரம்ம கொட்டிவிட்டுத் திரும்ப அடுக்க வச்சீங்க. ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ராத்திரி சாப்புடாம அழுதேன். அன்னைலேருந்து இன்னைவரைக்கும் அமுக்கித்தான் வைக்கிறேன். அந்தச் சுரக்குடிப் பொம்பளைக்கும் நான்தான் அடுக்கினேன்."

பூசை முடிந்து வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சலோமி குரலைத் தாழ்த்தவில்லை. இசபெல்லா வாங்கிக்கொண்டு நின்றாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஐந்து குப்பிகளை நீட்டினாள். சலோமி அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஜூலையில் பலகையைத் திருத்த பெயின்டர் வந்தார். இசபெல்லா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பழைய வரிசையில் பதினொன்றை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுத வேண்டும். அடித்தது தெரிய வேண்டும்.

"அது முடிஞ்ச கதை சிஸ்டர். புதுசா நல்ல நம்பர் வந்திருக்கு, அத மட்டும் போடுவோமே" என்றார் சவரிநாதன். அந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

"இன்னும் முடியல டாக்டர். அந்த மூணு பேரும் இருக்காங்க. நிரவியிலேயும் கோட்டுச்சேரியிலேயும் இருக்காங்க."

சோமசேகரன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று பெயின்டர் கேட்டார். எண் எதுவும் வந்திருக்கவில்லை. 'எண்ணிப் பார்க்க இடம் தரவில்லை' என்று எழுதச் சொன்னார் நூகு. சகாயமாதாவிலும் நூகு கிளினிக்கிலும் அப்படியே எழுதினார்கள். தன் வாசலில் இருந்த பலகையைச் சோமசேகரன் அன்றே கழற்றி உள்ளே போட்டார். சகாயமாதா முன்னால் காரில் வந்திறங்கி, நடுத்தெருவில் நின்று சவரிநாதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மானநஷ்ட வழக்கு போடுவேன் என்றார்.

இசபெல்லா வெளியே வந்தாள். "போடுங்க. கோர்ட்டுல ரெஜிஸ்டரக் கேப்பாங்க. அப்பயாவது பாக்கலாம்."

அவர் வழக்கு போடவில்லை. அவரை மாற்றியது இவர்கள் யாருமில்லை. முகப்பில் உட்கார்ந்திருந்த வடிவாம்பாள்தான். ஊரில் இரண்டு வாசலில் பலகை இருந்தது, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் படித்துவிட்டு வந்தார்கள். ஒங்க பேருக்கு நேரா ஏம்மா நம்பரு இல்ல, எதுக்கு எண்ண விடமாட்டேங்கிறீங்க என்று பெயர் பதியும்போதே கேட்டார்கள். தினம் பத்துப் பேர், இருபது பேர். வடிவாம்பாள் இரண்டு மாதம் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். செப்டம்பரில் ஒரு நாள் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டுபோய்க் கணவர் மேஜைமேல் போட்டு, "இனிமே நீங்க உக்காந்து பதில் சொல்லுங்க. எனக்குப் பொய் சொல்லி வாய் வலிக்குது" என்றாராம். இதைச் சலோமிதான் வந்து சொன்னாள். ஜூலையிலிருந்தே டிரம்களைச் சரியாக அடுக்குவதையும், முதல் நாள் ஒரு குப்பிகூட உருகாமல் வந்ததையும் சொன்னாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

சோமசேகரன் இசபெல்லாவைக் கூப்பிட்டனுப்பினார். "ஜூலையிலேருந்து எண்ணிக்குங்க" என்றார்.

"ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சும் வேணும்."

"அது எதுக்கு? இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. ஒங்களுக்கு என்னைத் தெருவுல நிறுத்தணும், அவ்வளவுதானே?"

"எம்பத்து நாலுல ஒண்ணுன்னு ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கு. அதப் படிச்சுட்டு நம்பி வந்தவங்க இருக்காங்க டாக்டர். என் கண்ணு முன்னாலயே ஒரு ரிக்‌ஷா திரும்புச்சு."

அவர் ரெஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போங்க."

எண்பத்து நாலு விலாசம். இசபெல்லாவும் சலோமியும் வியாழக்கிழமைகளில் ஒன்றாகப் போனார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் ஊர் வரும்வரை பேச்சு கிடையாது. எழுபத்தோரு பேரைப் பார்க்க முடிந்தது. பெரும்பாலானவர்கள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தழும்பைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி வந்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க இசபெல்லாவுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியாகப் போனது அம்பகரத்தூரில் ஒரு வீடு. கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். எதற்காக வந்திருக்கிறோம் என்று சலோமி சொல்லி முடிக்கும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எட்டு மாசம் கழிச்சா?"

"ஆமாம்மா."

"நாப்பது நாள் ஊத்துச்சு. நாத்தம் தாங்காம எங்க வீட்டுக்காரரு அடுத்த ஊட்டுல போயிப் படுத்தாரு. நான் சுத்தமா இல்லாததாலதான்னு எங்க மாமியா ஊரெல்லாம் சொன்னாங்க. நானும் அப்புடித்தான் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப வந்து கட்டு கட்டுன எடத்தக் காட்டுங்கிறீங்க."

"ஒங்க மேல தப்பு இல்ல. துணி சரியா வேகல. எங்க மேலதான் தப்பு" என்றாள் இசபெல்லா.

"அத என் மாமியாகிட்ட சொல்லிட்டுப் போங்க."

மாமியார் கொல்லைப்புறத்தில் இருந்தாள். இசபெல்லா சுற்றிக்கொண்டு போனாள். நெல் புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் முன்னால் நின்று, சொன்னதையே திரும்பச் சொன்னாள். அடுத்த வீட்டிலும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். மாமியார் முறத்தை நிறுத்தாமல், "யாரு பண்ணாலும் அனுபவிச்சது என் புள்ளைதானே" என்றாள். இசபெல்லா மேலும் சத்தம் போட வாயெடுத்தாள். சலோமி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

வாசலுக்கு வந்தபோது அந்தப் பெண் கதவைச் சாத்தியிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் சலோமி நோட்டை விரித்தாள். "தழும்பக் காட்டல. எப்படி எழுதறது? பாக்க முடியலன்னு போடவா?"

"சேத்துக்க."

"கண்ணால பாக்காதத..."

"அவ சொன்னது போதும். சேத்துக்க."

சலோமி எழுதினாள். பதினேழு.

அக்டோபர் பலகையில் அது ஏறியது. மூன்று வாசலிலும்: 84ல் 17, பார்க்க முடியாதவர்கள் 13. பக்கத்தில் அடிக்கப்பட்ட பழைய ஒன்று தெரிந்தது. ஜூலைக்குப் பிறகான எண்ணையும் கீழே எழுதினார்கள், அது நாலுதான். சோமசேகரன் தன் வாசல் பலகையைத் திரும்ப மாட்டுவதற்கு ஆள் தேடாமல், ஸ்டூலைப் போட்டு ஏறித் தானே ஆணியடித்தார் என்று வடிவாம்பாள் சொன்னார்.

இசபெல்லா அதைப் போய்ப் பார்க்கவில்லை. அவளிடம் கற்றுக்கொண்டவர்களில் சலோமியையும் சகாயமாதாவிலேயே இருந்த ஒருத்தியையும் விட்டால் இன்னும் ஐந்து பேர் பாக்கி இருந்தார்கள். இரண்டு பேர் கும்பகோணத்தில், ஒருத்தி மாயவரத்தில், ஒருத்தி நாகப்பட்டினத்தில், ஒருத்தி எங்கே என்று தெரியவில்லை. நாலு பேருக்கும் கடிதம் எழுதி, ஒவ்வொன்றோடும் இரண்டு குப்பிகளைப் பஞ்சில் சுற்றி வைத்துப் பார்சல் கட்டினாள். தபாலாபீஸில் அந்த ஆள், "ஒடையிற சாமானா?" என்று கேட்டான். "ஒடஞ்சா திரும்ப அனுப்புவேன், முத்திரையக் குத்துங்க" என்று அவன்மேல் சீறினாள்.